டேஷ்போர்டு மேல இருக்குற கறுப்புக் குமிழுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
ஆட்டோ ஏசி உள்ள கார். 23 டிகிரியில வெச்சுட்டு அதைத் தொடவே மாட்டேன். மேகம் விலகி வெயில் விழுந்ததும் ஃபேன் தானா வேகம் எடுக்குது. உள்ள இன்னும் சூடே ஏறலையே, அதுக்குள்ள எப்படித் தெரியுது? முன்கண்ணாடி ஓரமா ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் இருக்கு. அதோட வேலையா? அது மேல விரிப்புப் போடலாமா?

பதில் (ஏசி மெக்கானிக்):
அதோட வேலைதான். உள்ள ஒரு ஃபோட்டோடையோடு, அதாவது வெளிச்சத்தை உணர்ற சின்ன எலக்ட்ரானிக் பாகம் இருக்கு. வெயில் கூடக் கூட அதுல ஓடுற கரண்ட் கூடும். அது அளக்குறது சூட்டை இல்ல, வெயிலோட வலுவை. உச்சி வெயில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட். கேபின் காத்து 23லயே இருந்தாலும், அந்த வெயில் கண்ணாடி வழியா நேரா உங்க கையிலயும் மடியிலயும் விழுது. காத்தோட சூட்டைப் பாக்குற சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. அதனால கன்ட்ரோல் யூனிட் நீங்க வெச்ச அளவு, உள்சூடு, வெளிச்சூடு, வெயில் நாலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வென்ட்ல வர்ற காத்தைக் குளிராக்கி ஃபேனையும் கூட்டுது. மரநிழல் வந்து வந்து போற ரோட்டுல ஃபேன் ஏறி இறங்கிட்டே இருக்கக் கூடாதுன்னு, கணக்கு நிதானமா மாறுற மாதிரியும் அமைச்சிருப்பாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

விரிப்பு போடுங்க, ஆனா அந்த இடத்தை விட்டுட்டு. மூடிட்டா அதுக்கு எப்பவும் ராத்திரிதான். மதியத்துல குளிர் பத்தாம போகும்.

பதில்:
என் கார்ல ரெண்டு பக்கமும் தனித்தனி செட்டிங். வெயில் அடிக்கிற பக்கம் மட்டும் காத்து கூடுதலா வருதே, அதுவும் இதாலயா?

பதில் (ஏசி மெக்கானிக்):
ஆமா. அந்த மாதிரிக் கார்ல ஒரே குமிழுக்குள்ள ரெண்டு டையோடு இருக்கும். எதுல வெயில் அதிகம்னு பாத்து அந்தப் பக்கத்தைக் கவனிக்கும்.

பதில்:
காரோட பழுதைப் பாக்குற ஸ்கேனர்ல சோலார் சென்சார், அதாவது இந்தக் குமிழ், பழுதுன்னு கோட் வருது. புதுசு மாத்தணும்னு சொல்றாங்க.

பதில் (ஏசி மெக்கானிக்):
ஷெட்டுக்குள்ள வெச்சா பாத்தாங்க? சில கார்ல இருட்டா இருந்தாலே அந்தக் கோட் வரும். தயவுசெஞ்சு உடனே காசு கொடுத்துடாதீங்க. வண்டியை வெயில்ல நிறுத்தி, ஸ்கேனர்ல லைவ் டேட்டாவை, அதாவது சென்சார் அந்த நேரத்துல காட்டுற அளவைப் பாத்துக்கிட்டே குமிழைக் கையால மூடித் திறங்க. அளவு மாறினா சென்சார் உயிரோட இருக்கு. வெயில் இல்லாத நாளா இருந்தா பழைய குண்டு பல்பைக் கிட்டக் காட்டுங்க. எல்இடியை நம்பாதீங்க, பல சென்சார் அகச்சிவப்புக் கதிரைத்தான் முக்கியமாப் பாக்கும், எல்இடியில அது இல்ல. அளவு அசையவே இல்லைன்னா, முதல்ல கனெக்டரையும் வயரையும் பாக்கச் சொல்லுங்க.