கீச்சிடும் ரீல் டேப்: குளிரில் ஓட்டியவர்கள் உண்டா?

பழைய வானொலி நாடகப் பதிவு ஒன்றை டிஜிட்டலாக்க முடியவில்லை. ஓட்டிய சில நிமிடங்களில் டேப் கீச்சிடுகிறது, குரலும் நடுங்குகிறது. இடம் பினாங்கின் ஜார்ஜ்டவுன். 7 அங்குல ரீல், பாலியெஸ்டர், முதுகுப் பூச்சு இல்லாதது, வேகம் நொடிக்கு 3¾ அங்குலம். ஓட்டும் கருவி (டெக்) ரெவாக்ஸ் பி77. மற்ற ரீல்கள் அதில் சுத்தமாக ஓடுகின்றன.

டேப் உரசிச் செல்லும் ஹெட், கைடு எல்லாம் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. டேப்பின் பசை ஈரத்தால் இளகினால் படியும் பழுப்புப் பிசின் ஒட்டவே இல்லை. இருந்தும் ஈரத்தைப் போக்க 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடாக்கிப் பார்த்தேன், பலனில்லை (அசிட்டேட் டேப்பை இப்படிச் சூடாக்கிவிடாதீர்கள்). 7½-இல் ஓட்டி, ஆடாசிட்டி மென்பொருளில் பாதி வேகமாக்கினால் கீச்சு குறைகிறது, போகவில்லை.

மிச்சமிருப்பது, பசை இறுகும்படி டேப்பை டெக்கோடு சேர்த்துக் குளிரூட்டி ஓட்டுவதுதான். பினாங்கு ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் டேப் வியர்த்துவிடுமே! ஈரம் படியாமல் இதைச் செய்தவர்கள் என்ன ஏற்பாடு வைத்தீர்கள்?