முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு 'ராக்கெட் 88'தானா?

வினைல்பித்தன்: பாடகர் எல்விஸ் பிரெஸ்லிதான் ராக் அண்ட் ரோலை ஆரம்பித்து வைத்தார் என்று இன்னும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்? அவர் 1954 ஜூலையில் 'தட்ஸ் ஆல் ரைட்' பாடினார். அதற்கு மூன்று வருஷம் முன்னாடியே, 1951 மார்ச்சில், அதே மெம்பிஸில், அதே தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸின் ஸ்டுடியோவில் 'ராக்கெட் 88' பதிவாகிவிட்டது. இசைத்தட்டில் பாடகர் ஜாக்கி பிரென்ஸ்டன் பேர் இருந்தாலும் வாசித்தது ஐக் டர்னரின் குழு. வருகிற வழியில் கிட்டாரின் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) பழுதாகிவிட, ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்திருக்கிறார்கள். அந்தக் கிட்டாரின் கரகரப்பைக் கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

செல்வி: கேட்டாச்சு அண்ணா. ஐக் டர்னரே அதை ரிதம் அண்ட் ப்ளூஸ், அதாவது கறுப்பினத்தவரின் அன்றைய ஜனரஞ்சக இசை, என்றுதான் சொன்னார். தேவாலயப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் எலக்ட்ரிக் கிட்டாரோடு 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' பாடியது 1944. வரிகள்தான் தேவாலயத்துக்கு, பின்னால் பியானோ அடிப்பது சுத்தமான பூகி வூகி, ஆட்டம் போடவைக்கும் துள்ளல் ப்ளூஸ் பியானோ. 1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்தில் ஒரு பையனை மேடையேற்றிப் பாடவைத்துக் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

மத்தளம் மணி: கிட்டாரையே பிடித்துத் தொங்குகிறீர்களே, தாளம் என்று ஒன்று இல்லையா? நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மடாசாவின் ஸ்டுடியோவில் ஃபேட்ஸ் டோமினோ 1949 டிசம்பரில் 'தி ஃபேட் மேன்' பதிவு செய்தபோது ட்ரம்ஸ் ஏர்ல் பாமர். லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் ஓடும் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கப் போய்த்தான் தன் அடியே பிறகு மாறியது என்று பாமர் சொல்லியிருக்கிறார்.

வினைல்பித்தன்: தாளம், கிட்டார் எல்லாம் சரி. ஆனால் வெள்ளைக்கார இளசுகளும் வாங்க ஆரம்பித்த பிறகுதானே இது ராக் அண்ட் ரோல் ஆனது? அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் முன்னோட்டம்.

செல்வி: அட, இது என்ன கணக்கு? அப்படிப் பார்த்தால் உங்கள் 'ராக்கெட் 88'-ம் முன்னோட்டம்தான், அது முதலிடம் பிடித்ததே ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில். கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் 1953-ல் 'ஹவுண்ட் டாக்' பாடி அதே பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது ஒத்திகை, 1956-ல் எல்விஸ் பாடியதுதான் கச்சேரியா? 'தட்ஸ் ஆல் ரைட்' கூட ஆர்தர் க்ரூடப் 1946-லேயே பதிவு செய்தது. ராயல்டிக்காக அவர் கடைசிவரை அலைந்தார்.

மத்தளம் மணி: எழுதியவர் பேரிலும் இதே கூத்துதான். சக் பெரியின் 'மேபெலீன்' 1955-ல் வந்தபோது பங்குதாரராக ரேடியோக்காரர் ஆலன் ஃப்ரீட் பேரும் ஏறியிருந்தது, ஒரு வரிகூட எழுதாமல்! இத்தனைக்கும் அந்தப் பாட்டுக்கு அடித்தளம் 'ஐடா ரெட்' என்கிற கிராமத்து கன்ட்ரி பாட்டு. கறுப்பினக் கலைஞர் வெள்ளையர் பாட்டை எடுத்து ஆண்ட கதையும் இருக்கிறது செல்வி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்வி: சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் அவர் அதை அடியோடு மாற்றி எழுதினார். எல்விஸ் எழுதியது எது?

வினைல்பித்தன்: எழுதினால்தான் ஆச்சா? அப்படியென்றால் உங்கள் தார்ன்டனும் அடிபட்டுப்போகிறார், 'ஹவுண்ட் டாக்' எழுதியது லீபர், ஸ்டோலர் என்ற பாடலாசிரியர் ஜோடி.