புதுப்பிப்பு: என் 1953 அரை டாலர் செட் ஒரிஜினலா, சேர்த்ததா?

அட்டையோடு வாங்கிய 1953 அமெரிக்க இரட்டை மின்ட் செட் (அந்த வருடக் காசுகளை நாணயச்சாலையே தொகுத்து விற்றது), நாணயச்சாலை அனுப்பியபடியே இருக்கிறதா, பின்னால் யாராவது சேர்த்ததா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: அரை டாலர்களில் நான்கு ஒரிஜினல், இரண்டு மாற்றியவை.

இந்த செட்களில் ஒவ்வொரு நாணயச்சாலையின் ஒவ்வொரு காசும் இரண்டிரண்டு. அந்த வருடம் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ மூன்றிலும் பிராங்ளின் அரை டாலர் அடித்தார்கள். ஆக, ஆறு. எண்ணிக்கை சரிதான். ஆனால் அட்டையிலுள்ள கந்தகம் 90% வெள்ளியைச் சும்மா விடாது. நான்கு காசுகளில் காகிதம் பட்ட பக்கம் பொன்னும் நீலமுமாக நிறம் படர்ந்திருக்கிறது, பார்க்கவே அவ்வளவு அழகு! 'எஸ்' குறியுள்ள சான் பிரான்சிஸ்கோ காசுகள் இரண்டும் இருபக்கமும் பளிச்சென்று வெள்ளை. லென்ஸில் பார்த்தபோது ஒன்றில் பிராங்ளினின் கன்னத்தில் தேய்மானமும் தெரிந்தது. (காசின் பின்பக்கத்திலுள்ள மணியின் கீழ்க்கோடுகள் மங்கியிருப்பதை மட்டும் வைத்துத் தேய்மானம் என்று முடிவு செய்யாதீர்கள், 1953 எஸ் காசில் அவை அடிக்கும்போதே மங்கலாகத்தான் விழும்.)

விற்றவர் இரண்டு காசுக்கான பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். மற்ற நான்கையும் ரசாயனத்தில் முக்கி (டிப் செய்து) வெளுக்கச் சொன்ன நண்பர்களே, மன்னிக்கவும், தொட மாட்டேன். அந்த இரண்டு குழிகளும் காலியாகவே இருக்கட்டும்.