ஜானிகுலம் குன்றில் ஒரு சுவர், நாஃப்பிலியோவில் ஒரு குண்டுத் தழும்பு

ரோமுக்குப் போய்வந்தவர்கள் கொலோசியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு நின்றது ஜானிகுலம் குன்றில் இருக்கும் ஒரு குட்டைச் சுவர். நடந்து களைத்துப்போய் அதன் பக்கத்தில் நின்றபோதுதான் எழுத்துகள் கண்ணில் பட்டன. 1849-இல் உருவான ரோமானியக் குடியரசின் அரசியல் சாசனம்!

கைப்பேசியில் மொழிபெயர்த்து வாசித்தேன். ஆட்சியுரிமை மக்களுடையது என்று ஆரம்பிக்கிறது. அடுத்த கூற்றிலேயே, பிறப்பாலோ சாதியாலோ வரும் சலுகைகளை இந்தக் குடியரசு ஏற்காது என்று இருக்கிறது. இத்தாலிய மூலத்திலும் 'காஸ்தா' என்ற சொல்லேதான். அதை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் நகர முடியவில்லை. மரண தண்டனையையும் ஒழித்திருக்கிறார்கள்.

அப்போது ரோமை ஆண்டுகொண்டிருந்த போப் ஒன்பதாம் பயஸ் 1848 நவம்பரில், தெற்கே இருக்கும் கயேத்தாவுக்குத் தப்பிப் போனார். 1849 பிப்ரவரி 9 அன்று குடியரசு பிறந்தது. போப்பைத் திரும்ப உட்கார வைக்கப் படை அனுப்பியது யார் தெரியுமா? அப்போது தானும் குடியரசாக இருந்த பிரான்ஸ். ஏப்ரல் 30 அன்று, குடியரசுக்காகப் போராடிய தளபதி கரிபால்டியின் ஆட்கள் இந்தக் குன்றின் அருகே பிரெஞ்சுக்காரர்களை விரட்டியடித்தார்கள். ஜூனில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இத்தாலியின் இன்றைய தேசிய கீதத்தை எழுதிய மமேலி, அப்போது காலில் பட்ட காயத்தால் 21 வயதில் இறந்தார். ஜூலை 3, பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்த அதே நாளில், சாசனத்தை மக்கள் முன் வெளியிட்டார்கள். தோற்றுவிட்டோம் என்று தெரிந்தே.

ரோமை உயிர்ப்பிக்கும் மாற்றுச் சரித்திரம், அதாவது 'இப்படி நடந்திருந்தால்?' என்ற கற்பனை என்றாலே கழுகுக் கொடி, பேரரசர் என்று போய்விடுகிறார்கள். எனக்கு அதில் ஆசையில்லை. ஏப்ரலோடு பிரான்ஸ் விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கேள்வி. மே மாதமே ஆஸ்திரியர்கள் பொலோன்யாவைப் பிடித்துவிட்டார்கள், அதனால் சுலபமாக இருந்திருக்காது. ஆனாலும் அந்தக் குடியரசு நிலைத்திருந்தால், முடியாட்சி போக இத்தாலி 1946 வரை காத்திருந்திருக்காது என்று நம்புகிறேன்.

* * *

இதே மாதிரி அனுபவம் எனக்குக் கிரேக்கத்திலும், நாஃப்பிலியோ என்ற ஊரில் கிடைத்தது. 1831-இல், புதிய கிரேக்க நாட்டின் தலைவராக இருந்த ஆளுநர் கபோதிஸ்திரியாஸைப் புனித ஸ்பிரிடோன் தேவாலய வாசலில் கொன்றார்கள். சுவரில் பட்ட குண்டின் தழும்பைக் கண்ணாடி போட்டுக் காத்துவருகிறார்கள். 1827-இல் தேசிய சபை தேர்ந்தெடுத்த ஆளுநர் அவர். அவர் போனபின் வல்லரசுகள் பவேரியாவிலிருந்து 17 வயது ஒட்டோவைக் கொண்டுவந்து அரசனாக்கின. கபோதிஸ்திரியாஸும் சாசனத்தை ஒதுக்கிவைத்தவர்தான். அதனால் அவர் பிழைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று: அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் தங்களை 'ரோமியி' என்றும் சொல்லிக்கொண்டார்கள். ரோமானியர் என்று பொருள். வட இத்தாலியின் பீட்மாண்டில் 1821-இல் புரட்சி செய்து தோற்ற சாந்தாரோசா, கிரேக்கர்களின் விடுதலைப் போரில் அவர்களோடு நின்று போராடி 1825-இல் ஸ்ஃபாக்டீரியா தீவில் உயிரை விட்டார். அங்கே அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தத் தீவுக்குப் பக்கத்து ஊரான பிலோஸ் வரை போனால் படகு பிடித்து அதையும் பாருங்கள். நான் பார்க்காமலே திரும்பிவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.