புதுப்பிப்பு: ஓடித் திரியும் பிள்ளையின் படம் இப்போது தெளிவாக வருகிறது

இரண்டு வயது மகளைப் போனில் எடுத்தால் படம் கலங்கி, முகமும் இருண்டு வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.

முதலில் பலன் தந்தது, "பிள்ளையின்ர கண்மட்டத்துக்குக் குந்தி எடுங்கோ" என்ற அக்காவின் யோசனை. குந்தியதும் முன்பல் இரண்டும், சோற்றுப்பருக்கை ஒட்டிய கன்னமும் படத்தில் அப்படியே பதிந்தன. கலங்கலுக்குத் தீர்வு ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்குக் கமரா ஒளியை உள்ளே விடும் நேரம்): ஓடும்போது, அளவுகளை நாமே மாற்றக்கூடிய புரோ மோடில் 1/500 செக்கன். வீட்டுக்குள் அது இருட்டாகிவிடும். அங்கே 1/125 வைத்து ஜன்னலோரம் இருத்தினால் சரி. பிளாஷ் தேவையே இல்லை.

எதிர்பாராதது மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை. கிழக்குப் பார்த்த கரை என்பதால், காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் வெயில் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும், முகம் கறுத்துவிடும். பின்னேரம் அதே இடத்தில் முகம் பளிச்சென்று வருகிறது.