19 வருடம் கழித்து மறுபடியும் பாய்ப்படகு: கவிழ்ந்தால் ஏற முடியுமா?

நீலப்பாய்:
2006 வரை நானும் இரண்டு நண்பர்களும் சென்னைத் துறைமுகத்துக்குள் ஞாயிறு தவறாமல் எண்டர்பிரைஸ் என்ற சிறு பாய்ப்படகு ஓட்டினோம். அப்புறம் வேலை, குழந்தைகள், ஒருவன் பெங்களூர். இப்போது மூவரும் ஐம்பதைத் தாண்டி, மறுபடி ஒரே ஊரில் இருக்கிறோம். ஓட்டுவது மறந்திருக்காது. போன வாரம் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் பௌலைன் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். கை தானாகப் போட்டது. பயமெல்லாம் கவிழ்ந்தால் என்ன என்பதுதான். மாடிப்படி ஏறினாலே இடது முழங்கால் வலிக்கிறது. லேசருக்கு மாறலாமா? எப்போது தொடங்கலாம்?

வாடைக்காற்று:
லேசர் வேண்டாம் சார். அது ஒருவர் ஓட்டும் படகு, தொடைக்கும் முதுகுக்கும் கடும் வேலை. நண்பர்களோடு போகத்தானே இத்தனை ஆசை? இருவர் எண்டர்பிரைஸில், ஒருவர் மீட்புப் படகில் என்று மாறி மாறிப் போங்கள். பருவமழை ஓய்ந்து ஜனவரியில், காலையில் தொடங்குங்கள். மே மாத மதியம் இப்போதைக்கு வேண்டாம், கடற்காற்று மளமளவென்று ஏறிவிடும்.

அணியம்:
முதல் நாளே, காற்று குறைவாக இருக்கும்போது, நீங்களாகவே கவிழ்த்துப் பாருங்கள். மெயின் ஷீட்டை, அதாவது பெரிய பாயை இழுக்கும் கயிற்றை, தளர்த்திவிட்டு ஒருவர் படகின் அடியில் நீட்டியிருக்கும் சென்டர்போர்டு பலகையில் ஏறட்டும். மற்றவர் படகின் உள்பக்கம், தண்ணீரில் மிதந்தபடி கால் மாட்டும் பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். படகு நிமிரும்போது அவரையும் அள்ளி உள்ளே போட்டுவிடும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த இடம்தான். அவர் உள்ளிருந்து மற்றவரைத் தூக்கிவிடலாம். பழைய லைஃப் ஜாக்கெட்டை நம்பாதீர்கள். போட்டுக்கொண்டு மிதந்து பார்த்த பிறகே கிளம்புங்கள்.

நீலப்பாய்:
போய் வந்தோம்! அணியம், உங்களுக்குப் பெரிய நன்றி. மூன்று முறை கவிழ்த்தோம். முதல் முறை இருவரும் ஒரே பக்கம் போய்விட்டோம். இரண்டாவது முறை, பட்டையைப் பிடித்துப் படுத்திருந்தேன். பாய் தண்ணீரை விட்டு மேலே எழும் சத்தம் கேட்டது, அடுத்த நொடி படகுக்குள் மல்லாந்து கிடந்தேன். முழங்காலுக்கு வேலையே இல்லை. பழைய ஜாக்கெட்டில் ஒன்று என் தாடையைக்கூட நீருக்கு மேல் நிறுத்தவில்லை, தூக்கிப் போட்டுவிட்டோம்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டினோம். டாக் செய்யும்போது, அதாவது படகின் முனையைக் காற்றுக்கு ஊடாக மறுபக்கம் திருப்பும்போது, நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த நண்பன் ஜிப் என்ற முன்பாயின் கயிற்றை விட்டு மறுபக்கக் கயிற்றை இழுத்துவிட்டான், 2006இல் செய்த மாதிரியே. கண் கலங்கிவிட்டது எனக்கு. உள்ளங்கை முழுக்கக் கயிற்றுத் தடம், இரவு ஸ்பூனில்தான் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு மூன்றாமவன் சுக்கான் பிடிக்கிறான்.