சான் ஃபிரான்சிஸ்கோ: கார் கண்ணாடியை உடைச்சா புகார் குடுத்து பிரயோஜனம் உண்டா?

கேள்வி: போன மாசம்தான் எச்-1பி வேலை விசாவுல குடும்பத்தோட இங்க வந்தோம். "950 டாலருக்குக் கீழ திருடினா கேஸே கிடையாது, போலீஸுக்குப் போறது வேஸ்ட்"னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவா?

பதில் 1: பாதிதான் நிஜம். 2014ல கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு கொண்டுவந்த சட்டமான புரொபசிஷன் 47, 950 டாலர் வரைக்குமான திருட்டைப் பெரும்பாலும் மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குற்றம், ஆக்குச்சு. அதுவும் குற்றம்தான், ஆறு மாசம் வரை கவுன்டி ஜெயில் உண்டு. டெக்சாஸ்ல இந்த எல்லை 2,500 டாலர். அதைப் பத்தி யாரும் மூச்சு விடமாட்டாங்க! 2024 நவம்பர்ல ஜெயிச்ச புரொபசிஷன் 36 வந்த பிறகு, ஏற்கெனவே ரெண்டு திருட்டுத் தண்டனை இருந்தா, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் மூணாவதை ஃபெலனியா, அதாவது பெரிய குற்றமா, போடலாம்.

இங்க குற்றவாளிங்க மேல கேஸ் போடற அரசு வக்கீல்தான் டிஏ (டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி). அப்போ டிஏவா இருந்த சேசா பூடினை 2022 ஜூன்ல ஓட்டுப் போட்டு இறக்கினாங்க, அடுத்து ப்ரூக் ஜென்கின்ஸ் வந்தாங்க. சண்டை முழுக்க "டிஏ கேஸ் போடலை"ங்கறதுலயே நின்னுடுது. ஆனா கார் உடைப்புல ஆள் பிடிபடறதே ரொம்ப அபூர்வம். கைது இல்லாம டிஏ யார் மேல கேஸ் போடுவார்? புள்ளிவிவரத்தையும் அப்படியே நம்பாதீங்க. 2021 செப்டம்பர்ல பதிவான கடைத் திருட்டு கிட்டத்தட்ட இரட்டிப்பாச்சு. ஒரே ஒரு கடை புது முறையில புகார் பதிய ஆரம்பிச்சதுதான் முக்கியக் காரணம்.

பதில் 2: மேல சொன்னது சரி, ஆனா சட்டத்துலயும் ஓட்டை இருந்துச்சு. பழைய சட்டத்துல கார் பூட்டியிருந்ததுன்னு நிரூபிக்கணும். கண்ணாடியை உடைச்சு, கையை விட்டு லாக்கைத் திறந்துட்டா? "நான் பூட்டினேன்"னு சொல்ல உரிமையாளர் வரணும். வாடகைக் கார் எடுத்த டூரிஸ்ட் இதுக்காக ஓஹியோவுல இருந்து வருவாரா? 2025 ஜனவரி 1 முதல், திருடற நோக்கத்தோட பலவந்தமா உள்ள நுழைஞ்சதைக் காட்டினாலே போதும். அதனால கண்ணாடித் தூளைக் கூட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க: உடைஞ்ச ஜன்னல், உள்பக்கம், நம்பர் பிளேட்டோட முழுக் கார், பக்கத்துத் தெருப் பலகை.

ஆள் இன்னும் அங்கயே நின்னா 911. போயாச்சு, யாருன்னு தெரியாதுன்னா சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் தளத்துல ஆன்லைன் புகார். காரே காணோம்னா போன்லதான் சொல்லணும்: 415-553-0123. ஃப்ரீவேல நடந்தா அது ஹைவே பேட்ரோல் வேலை. லேப்டாப் சீரியல் நம்பர், போன் ஐஎம்இஐ ரெண்டையும் புகார்ல போடுங்க. பொருள் எங்கயாவது சிக்கினா உங்களுதுன்னு காட்ட அது உதவும். முதல்ல தற்காலிக நம்பர் வரும், சரிபார்த்த பிறகுதான் கேஸ் நம்பர். ஏர்டேக் இடம் காட்டுதுன்னு நீங்களே தேடிப் போகாதீங்க.

கண்ணாடிக்கு கார் பாலிசியில காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, உடைப்பு மாதிரி சேதத்துக்கு) இருக்கணும், கொலிஷன் (மோதல் சேதத்துக்கு) மட்டும் இருந்தா வராது. உள்ள இருந்த பொருளுக்கு, வாடகைக்குக் குடியிருக்கறவங்க எடுக்கற ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ். ரெண்டுக்கும் டிடக்டிபிள் (முதல்ல நம்ம கைக்காசுல போடற தொகை) தனித்தனி. பாஸ்போர்ட்டும் போச்சுன்னா தூதரகத்துல புதுசு வாங்க போலீஸ் ரிப்போர்ட் கேப்பாங்க. புகார் வேஸ்ட்னு சொல்றவங்க இதை மறந்துடறாங்க.

அலமோ ஸ்கொயர், ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் பக்கம் பின்பக்கச் சின்ன முக்கோணக் கண்ணாடியைத்தான் உடைப்பாங்க. கையை விட்டு பின்சீட்டை மடக்கினா டிக்கி தெரிஞ்சிடும். போய் இறங்கின இடத்துல டிக்கியைத் திறந்து பையை வைக்காதீங்க, யாராவது பார்த்துட்டு இருப்பாங்க.

பதில் 3: ஒண்ணு விட்டுட்டீங்க. "950க்குக் கீழ கேஸ் இல்லை"ங்கறதை விசாவுல இருக்கறவங்க நம்பவே கூடாது. செல்ஃப் செக்அவுட்ல ரெண்டு பொருளை ஸ்கேன் பண்ணாம விட்டு மாட்டினாலும் அது திருட்டுதான். தண்டனையே இல்லாம, கைதை மட்டும் வெச்சு விசாவை ரத்து பண்ண முடியும். டைவர்ஷன்ல (விசாரணைக்குப் பதிலா வகுப்பு, சேவைன்னு முடிக்கற வழி) போனா கேஸ் தள்ளுபடி ஆயிடும்னு கிரிமினல் வக்கீல் சொல்லலாம். ஆனா குற்றத்தை ஒப்புக்கிட்டு போனா இமிகிரேஷன் சட்டத்துல அது தண்டனையாவே கணக்காகலாம். எதுலயும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இமிகிரேஷன் வக்கீலையும் தனியா பாருங்க. ஊர்ல இருந்து வர்ற அப்பா அம்மாவுக்கும் செல்ஃப் செக்அவுட்டைச் சொல்லிக் குடுங்க, இல்லைன்னா கேஷியர் வரிசையிலயே நிக்கச் சொல்லுங்க.